பெரிய வளையம், பழைய நஞ்சு: புறக்கோட்டை அப்பிள் பூஞ்சணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு 2022ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் நடந்தது. இறுதியாண்டு மாணவி ஒருவரின் ஆய்வுத்திட்டம் அது. முதன்மை மேற்பார்வை இன்னொரு விரிவுரையாளருடையது. நான் இணை மேற்பார்வையாளர். மாணவியும் அவருடைய குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

பின்னணி

வாட்டுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்லப்படுவது, ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவின் மருந்துக்கு அடங்காத வகை. பெனிசிலின் குடும்பத்து மருந்தான மெதிசிலின் 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத வகை இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள், பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டும் புரதங்களில் போய் ஒட்டித்தான் வேலை செய்கின்றன. மெக்-ஏ என்ற மரபணு உள்ள பற்றீரியா, அந்த மருந்துகள் லேசில் ஒட்டாத வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டு சுவரைக் கட்டிக்கொண்டே போகும். பெனிசிலினும் அதற்கு நெருங்கிய செபலோஸ்போரின் மருந்துகளில் பெரும்பாலானவையும் அதனால் ஒரே அடியில் கைவிட்டுப் போகின்றன. மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாகி 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு கணிப்பு 2022 தொடக்கத்தில் வெளியாகியிருந்தது. மாணவி தன் முன்மொழிவின் முதல் வரியில் அந்த எண்ணைத்தான் போட்டிருந்தார்.

இதற்கு மருந்தைப் பங்கசுகளில் (பூஞ்சணம், காளான் வகைகளில்) ஏன் தேட வேண்டும்? இன்று கையில் இருக்கும் நுண்ணுயிர்கொல்லிகளில் அதிகமானவை மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் தந்தவை. பங்கசுகள் தந்தவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உலகம் அதிகம் விழுங்கியவை அவைதான். 1928இல் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்த பெனிசிலியத்தை எல்லோரும் அறிவார்கள். 1945இல் சார்டீனியாத் தீவின் கலியாரி நகரில், கழிவுநீர் வந்து விழும் கடலோரத்தில் ஜுசெப்பே புரோட்சு கண்டெடுத்த பங்கசிலிருந்துதான் செபலோஸ்போரின்கள் வந்தன. இங்கே எந்த பாமசியிலும் கிடைக்கும் ஃபுசிடிக் அமிலக் களிம்பும் பங்கசுச் சரக்குதான். 1962இலிருந்து மருந்தாகப் பாவனையில் இருக்கிறது. இந்தக் களிம்பு பின்னால் மறுபடி வரும்.

மாணவியின் கேள்வி சின்னது: உள்ளூரில் எடுக்கும் பங்கசுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ.ஐத் தடுக்கும் ஏதாவது உண்டா?

மாதிரி எடுத்த இடம்

முதல் திட்டம் ஈரவலயக் காடு ஒன்றில் உக்கிய மரங்களிலிருந்து பங்கசு எடுப்பது. பாதுகாக்கப்பட்ட காட்டில் கையளவு மண் எடுக்கவும் அனுமதி வேண்டும், அது வரக் காலம் எடுக்கும். அப்புறம் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசைகள் தொடங்கின. வாகனமும் இல்லை, பெற்றோலும் இல்லை. பல்கலைக்கழக நாட்காட்டியோ நகராமல் நிற்கவில்லை.

மாணவியின் வீடு கொட்டாஞ்சேனையில். அவருடைய மாமாவுக்குக் கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில் பழக்கடை. இறக்குமதிப் பழங்களின் விலை எகிறியிருந்த நேரம் அது. விற்காத அப்பிளைத் தூக்கி எறிய மனம் வராமல் பெட்டியிலேயே வைத்திருந்ததால் பூஞ்சணம் பிடித்த பழங்களுக்குக் குறைவில்லை. அழுகிய பழங்கள், வெங்காயச் சாக்குகள், பழைய கிட்டங்கிச் சுவரில் ஈரம் ஊறிய இடங்கள் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுக்கலாம் என்று அவரே சொன்னார். முதன்மை மேற்பார்வையாளர் சம்மதித்தார். அந்தத் தீர்மானம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். மழைக்காட்டுக்குள்தான் புதுமை ஒளிந்திருக்கும் என்பது ஒரு காதல் எண்ணம். கழிவுநீர் விழும் கடலில் செபலோஸ்போரின் கிடைத்தது என்றால் புறக்கோட்டைச் சாக்கில் ஏதாவது இருக்கக் கூடாதா?

ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அழுகிய பழத்தில் மாதிரி எடுக்கும்போது ஏற்கனவே தெரிந்த பங்கசுகள் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். உணவைக் கெடுக்கும் பங்கசுகளை உலகம் நூறு வருடத்துக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

மின்வெட்டும் தண்ணீர்ப் போத்தல்களும்

பங்கசுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கிழங்கு ஏகார் என்ற கட்டிக்கூழ் ஊடகத்தில் வளர்த்தபோது மின்வெட்டு நீண்டுகொண்டே போனது. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வளர்ப்புகள் உருகி உறைந்து உருகிச் சாகத் தொடங்கின.

இங்கே ஒரு பழைய முறை கைகொடுத்தது. பங்கசு வளர்ந்த ஏகாரைச் சிறு துண்டுகளாக வெட்டி, கிருமியழித்த வெறும் தண்ணீரில் போட்டு, மூடியை இறுக்கி அலுமாரியில் வைத்துவிடுவது. மின்சாரமே தேவையில்லை; பல பங்கசுகள் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். இதை எழுதிவைத்தவர் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலியர். அவர் 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றிய மருத்துவர். இந்த முறை பற்றி அவர் எழுதியது இலங்கையை விட்டுப் போன பிறகு, 1939இல். ஆனாலும் கொழும்பில் பங்கசு படித்த ஆள் சொன்ன முறை கொழும்பின் மின்வெட்டில் உதவியது எங்களுக்கு ஒரு திருப்தி. எல்லாப் பங்கசுகளுக்கும் தண்ணீர்ப் போத்தல் போட்டு வைத்தது இந்தத் திட்டத்தின் மிகப் பயனுள்ள தீர்மானம். ஏன் என்பது பிறகு வரும்.

முதல் அவதானம்

ஒவ்வொரு பங்கசையும் திரவ ஊடகத்தில் வளர்த்து, வடித்து, எதைல் அசற்றேற்று என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, உலர்த்திய சாற்றைக் கடுதாசி வட்டில்களில் ஏற்றி, பற்றீரியா பூசிய தட்டில் வைப்பது வழக்கமான முறை. சாறு பற்றீரியாவைத் தடுத்தால் வட்டிலைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். பற்றீரியா வகைகளை ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடம் நோயாளர் விவரம் எதுவும் இல்லாமல் தந்தது. அவை எம்.ஆர்.எஸ்.ஏ.தானா என்பதைச் செபொக்சிற்றின் என்ற மருந்து ஏற்றிய வட்டில் வைத்து மாணவி உறுதிசெய்தார். தரக் கட்டுப்பாட்டுக்கு ஏ.டி.சி.சி. என்ற சேமிப்பகத்தின் வழக்கமான பற்றீரியா வகைகளும் இருந்தன. வெறும் கரைப்பான் ஏற்றிய வட்டிலும் எம்.ஆர்.எஸ்.ஏ.க்குக் கொடுக்கும் மருந்தான வன்கோமைசின் ஏற்றிய வட்டிலும் ஒவ்வொரு தட்டிலும் வைக்கப்பட்டன.

பல சாறுகள் ஒன்றும் செய்யவில்லை. சில மங்கலான சிறு வளையம் தந்தன. ஒரு வெங்காயச் சாக்குப் பங்கசு, ஸ்டஃபிலோகொக்கஸ் தட்டுகளில் சிறிய ஆனால் கூர்மையான விளிம்புள்ள வளையம் தந்தது. அதை அன்று யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. காரணம், பக்கத்துத் தட்டில் அப்பிளிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பங்கசின் சாறு கிட்டத்தட்டத் தட்டையே வெறுமையாக்கியிருந்தது.

"சேர், வன்கோமைசினை விடப் பெரிசு" என்றார் மாணவி. உண்மைதான். எம்.ஆர்.எஸ்.ஏ. தட்டில் அந்த வளையம் வன்கோமைசின் வளையத்தை விட நன்றாகவே பெரிதாக இருந்தது. தூரிகை போன்ற வித்தித் தண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெனிசிலியம் என்பது தெளிவு. பெனிசிலியம், ஆனால் பெனிசிலினுக்கு அடங்காத பற்றீரியாவைக் கொல்கிறது! ஆய்வுகூடம் முழுக்க அன்று பேச்சு இதுதான். அத்துடன், வருடாந்த மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் திகதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஐயம் எழுந்த காரணங்கள்

வளையத்தின் அளவை வைத்து மருந்தின் வலிமையைச் சொல்ல முடியாது. சிறிய மூலக்கூறு ஏகாருக்குள் விரைவாகவும் தூரமாகவும் பரவும். பெரியது மெதுவாக ஊரும். வன்கோமைசினின் மூலக்கூற்று நிறை 1,450க்குக் கிட்ட. அதனால் அது எப்போதும் சிறிய வளையமே தரும், வாட்டில் உயிரைக் காப்பாற்றினாலும் தட்டில் அடக்கமாகவே இருக்கும். ஸ்டஃபிலோகொக்கஸ் வன்கோமைசினுக்கு அடங்குமா என்பதை வட்டில் முறையில் தீர்மானிக்கவே கூடாது, மிகக் குறைந்த தடுப்புச் செறிவை அளந்துதான் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதும் இதனால்தான். ஆகவே "வன்கோமைசினை விடப் பெரிசு" என்பதில் மூலக்கூறு சிறியது என்ற தகவல் மட்டும்தான் இருக்கலாம்.

அடுத்தது ஈ.கோலி என்ற வேறொரு பற்றீரியா பூசிய தட்டு. அதிலும் ஏறக்குறைய அதே அளவு வளையம். மாணவிக்கு அது இரட்டைச் சந்தோஷம், எங்களுக்கு முதல் எச்சரிக்கை. ஈ.கோலி போன்ற கிராம்-எதிர் பற்றீரியாக்களுக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு. பங்கசு தரும் இரசாயனச் சேர்வைகளில் பல அதைத் தாண்ட முடியாமல் தோற்கும். இரண்டு வகையையும் ஒரே மாதிரிக் கொல்லும் சிறிய மூலக்கூறு, பற்றீரியாவுக்கே உரிய ஒரு இடத்தைக் குறிவைக்கிறதா, உயிருள்ள எதையும் தாக்குகிறதா? பெனிசிலின் நம் உடம்புக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாததற்குக் காரணம், அது தாக்கும் கலச்சுவர் நம் கலங்களுக்கு இல்லவே இல்லை என்பது. ஒரு சேர்வை மருந்தாகுமா என்பதை அது எதைக் கொல்கிறது என்பதைக் காட்டிலும் எதை விட்டுவைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது, பங்கசின் நடத்தை. கொழும்பின் மேசை வெப்பநிலையில் அது மந்தமாகவே வளர்ந்தது. 25 பாகையில் இன்கியுபேட்டர் ஓடிய நாட்களில் செழித்தது. குளிர்நாட்டிலிருந்து அப்பிளோடு வந்த விருந்தாளி என்று முதன்மை மேற்பார்வையாளர் சொன்னார். அப்பிளில் நீலப்பச்சைப் பூஞ்சணம் என்றால் உணவு நுண்ணுயிரியல் படித்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெனிசிலியம் எக்ஸ்பான்சம். அதன் பெயரோடு கூடவே வருவது அது சுரக்கும் பட்டுலின் என்ற நஞ்சு.

பட்டுலினுக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. 1940களில், பெனிசிலினின் வெற்றியைப் பார்த்து எல்லோரும் பூஞ்சணங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, வெவ்வேறு ஆய்வுகூடங்கள் இதை வெவ்வேறு பங்கசுகளிலிருந்து எடுத்து கிளாவசின், கிளாவிஃபோர்மின், எக்ஸ்பான்சின் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தன. பிறகுதான் எல்லாம் ஒன்றே என்று தெரிந்தது. தடிமனுக்கு (சளிக்கு) இது மருந்து என்று 1943இல் பிரித்தானியாவில் ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களையும் அலுவலக ஊழியர்களையும் சேர்த்து மருத்துவ ஆராய்ச்சிச் சபை முறையாகப் பரீட்சித்தது. 1944இல் வந்த முடிவு, பலன் எதுவும் இல்லை என்பது. விலங்குகளுக்கு அது நஞ்சு என்பதும் தெரியவந்தது. இன்று பட்டுலினின் பெயர் மருந்துப் பட்டியல்களில் கிடையாது. உணவுப் பாதுகாப்பு விதிகளில்தான் வருகிறது: அப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு.

வீட்டிலிருந்து வந்த கேள்வி

இதற்கிடையில் மாணவியின் பெரியப்பா வைத்தியசாலையில் இருந்தார். நீண்டகால நீரிழிவு, காலில் ஆறாத புண், பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துவிட்டது. புண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த திசுவில் எம்.ஆர்.எஸ்.ஏ. வளர்ந்தது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. சிலவற்றை வெளியில் வாங்கித் தரும்படி குடும்பங்களிடம் சொல்லப்பட்ட காலம்.

மாணவி வெறும் பெருமையில் தட்டின் படம் ஒன்றைத் தாயாருக்கு அனுப்பியிருந்தார். அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா கேட்டார்: "மகள், நீங்க கண்டுபிடிச்ச மருந்தைக் கொஞ்சம் பெரியப்பாட காலுக்குப் போட்டுப் பார்க்க ஏலாதா? டொக்டருக்குத் தெரியாமலே போடலாம்."

மாணவி மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் எங்களிடம் வந்து சொன்னார். ஒரு பிள்ளையின் மேல் இவ்வளவு பாரம் ஏறக் கூடாது என்று முதன்மை மேற்பார்வையாளர் கருதினார். பதிலைக் குடும்பத்துக்கு நாங்களே சொல்வதென்று முடிவானது. மாணவியின் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். சட்டத்தைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி பதிவில்லாத ஒன்றை நோயாளரில் பரீட்சிக்க அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து வந்த மனிசிக்குச் சட்ட இலக்கம் என்ன ஆறுதல்?

சொன்னது இதுதான்: அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. கரைப்பான் மிச்சம் இருக்கலாம், உயிருள்ள வித்திகள் இருக்கலாம். ஏகார் தட்டில் இரத்தக் குழாயும் நரம்பும் கிடையாது, காலில் இருக்கின்றன. பற்றீரியாவைக் கொல்லும் பொருள் ஆறிக்கொண்டு வரும் தசையையும் கொன்றால் ஒரு விரலுக்குப் பதில் காலே போய்விடும். அதைவிட, டொக்டருக்குத் தெரியாமல் போட்டால் புண் மோசமாகும்போது அவர் தவறான காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

பெரியம்மா அதை ஏற்றுக்கொண்டார். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். "அப்ப எதுக்குப் பிள்ளையள் படிக்கிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

பேச்சின் நடுவே வேறொரு தகவல் வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பல வாரங்கள், பக்கத்து பாமசியில் வாங்கிய ஃபுசிடிக் அமிலக் களிம்பைப் புண்ணுக்குப் பூசி வந்திருக்கிறார்கள். ஒரு டியூப் தீர்ந்தால் இன்னொன்று, கொஞ்சம் காய்ந்தால் நிறுத்துவது, மறுபடி கசிந்தால் மறுபடி பூசுவது. பெரியம்மா காட்டிய பரிசோதனை அறிக்கையின் பிரதியில் ஃபுசிடிக் அமிலத்துக்கு எதிரே "அடங்காது" என்று இருந்தது. இந்த மருந்தைத் தனியாக, நீண்ட நாள், தோலில் பூசினால் ஸ்டஃபிலோகொக்கஸ் எளிதில் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் என்பது நன்கு தெரிந்த விடயம். மருந்து போய்ப் பிடிக்கும் புரதத்தில் ஒரு சிறு மாற்றமே போதும். அவருடைய காலில் அப்படித்தான் நடந்ததா, அல்லது ஏற்கனவே அடங்காத வகைதான் வந்து தொற்றியதா என்பதை அந்த ஓர் அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் குடும்பம் புதிதாகக் கேட்ட பங்கசு மருந்துக்கு முன்பே இன்னொரு பங்கசு மருந்து அந்தப் புண்ணில் செலவாகி முடிந்திருந்தது.

சோதனை வரிசை பற்றிய தீர்மானம்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. கையிலுள்ளதை வைத்து மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்புவது ஒன்று. சேர்வையைத் தூய்மையாக்கித் தடுப்புச் செறிவை அளப்பது இன்னொன்று. பாடப்புத்தக வரிசை அதுதான். மூன்றாவது, தூய்மையாக்கலைத் தள்ளிவைத்து, இது தெரிந்த நஞ்சுதானா என்பதை மலிவான சோதனைகளால் முதலில் பார்ப்பது.

மூன்றாவதைத் தெரிந்தோம். தூய்மையாக்கலுக்குக் கரைப்பான் லீற்றர் கணக்கில் வேண்டும், வெற்றிட ஆவியாக்கி மணிக்கணக்கில் ஓட வேண்டும். கரைப்பானுக்கு டொலர் இல்லை, ஆவியாக்கிக்கு மின்சாரம் இல்லை. ஆனால் இரண்டும் தாராளமாக இருந்திருந்தாலும் இதே வரிசைதான் சரி என்பது என் எண்ணம். மாணவி மனம் கசந்தார். சுருக்கம் ஏற்கப்பட்டால் மேற்படிப்புக்கு உதவும் என்பது நியாயமான கணக்கு. "மருந்துக்கு அடங்காத பற்றீரியாவைக் கொல்லும் உள்ளூர்ப் பெனிசிலியம்" என்ற தலைப்பு நிச்சயம் ஏற்கப்பட்டிருக்கும். கொழும்பில் மட்டுமல்ல, எங்கும் அப்படிப்பட்ட சுருக்கங்கள் குவிகின்றன; அவற்றில் பெரும்பாலானவற்றின் அடுத்த படியை யாரும் கேள்விப்படுவதில்லை.

முதல் சோதனை சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு. பட்டுலின், கலங்களிலுள்ள புரதங்களின் கந்தக-ஐதரசன் கூட்டங்களோடு பிணைந்து அவற்றை முடக்குகிறது. சிஸ்டீனில் அதே கூட்டம் இருப்பதால், சாற்றோடு முன்கூட்டியே சிஸ்டீனைக் கலந்தால் பட்டுலின் அதிலேயே செலவாகிவிடும். கலந்தோம். மறுநாள் வளையம் இல்லை. பக்கத்தில் சிஸ்டீன் கலந்த வன்கோமைசின் தன் அடக்கமான வளையத்தோடு அப்படியே இருந்தது. இது பட்டுலின் என்பதற்கு மட்டுமான அடையாளம் இல்லை, பெனிசிலிக் அமிலம் என்ற இன்னொரு பங்கசு நஞ்சும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளும் வகைச் சேர்வை என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது உப்புநீர் இறால். அலங்கார மீன் கடையில் ஆர்ட்டீமியா முட்டை கிடைக்கும். வெள்ளவத்தைக் கரையில் எடுத்து வடித்த கடல்நீரில் ஓரிரு நாளில் பொரிக்கும். குஞ்சுகளைச் சாற்றின் வெவ்வேறு செறிவுகளில் விட்டு ஒரு நாள் கழித்து எண்ணுவது. இந்தச் சோதனையை மனிதருக்கான நச்சுத்தன்மைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. சல்லடையாக மட்டும் பாவிக்கலாம். அப்பிள் பங்கசின் சாறு, பற்றீரியாவைத் தடுத்த அளவுகளிலேயே இறால்களையும் கொன்றது. கட்டுப்பாட்டுக் கிண்ணத்தில் அவை நீந்திக்கொண்டிருந்தன.

மூன்றாவதாக, உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வுகூடம் தன்னிடமிருந்த பட்டுலின் தரச்சேர்வையோடு (ஒப்பிடுவதற்கான தூய பட்டுலினோடு) எங்கள் சாற்றையும் ஓட்டிப் பார்க்க உதவியது. சேர்வைகளைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறின. உரிய சோதனைப்பொருளைத் தெளித்தபோது இரண்டும் ஒரே மஞ்சள் நிறம் காட்டின. இன்னும் நுட்பமாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வெளிவந்த நேரம் ஒன்று, புற ஊதா உறிஞ்சலின் உச்சமும் ஒன்று, 276 நானோமீற்றர். தரச்சேர்வையைச் சாற்றில் கலந்து ஓட்டியபோது தனியாக இரண்டாவது சிகரம் பிரியவில்லை. பட்டுலின்தான். மூலக்கூற்று நிறை 154, வன்கோமைசினின் பத்தில் ஒரு பங்கு.

பங்கசின் இனத்தை உறுதிசெய்ய வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி மட்டும் போதாது. பெனிசிலியங்களில் நெருங்கிய இனங்கள் பலவற்றுக்கு அது ஒன்றுபோலவே இருக்கும். பீற்றா-டியூபுலின் மரபணுவையும் வரிசைப்படுத்தினோம். பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்றே வந்தது.

பின்விளைவுகள்

பெரியப்பாவுக்கு ஒரு விரலை அகற்றினார்கள். இறந்த திசுவைச் சத்திரசிகிச்சையில் நீக்கி, நாளம் வழியாக வன்கோமைசின் கொடுத்து, சீனியைக் கட்டுப்படுத்தினார்கள். புண் மெல்ல மூடியது. அவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அறிக்கையில் கண்டதை வாட்டு வைத்தியரிடம் சொல்லும்படி குடும்பத்தைக் கேட்டிருந்தோம். களிம்பை எவ்வளவு காலம் பூசினார்கள் என்பது அதன் பிறகுதான் அவருடைய குறிப்பில் ஏறியது.

மாமாவின் கடை நாங்கள் எதிர்பாராத இடம். பூஞ்சணத்தில் என்ன இருந்தது என்று மாணவி சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஜூஸ் கடைக்குக் குடுக்கிறதையும் நிப்பாட்டணுமா?" ஓரத்தில் அழுகிய அப்பிளை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை மலிவாக ஜூஸ் கடைக்குத் தள்ளுவது வழக்கமாம். நிறுத்தத்தான் வேண்டும். பட்டுலின் அழுகல் தெரியும் இடத்தைத் தாண்டியும் பழத்துக்குள் பரவக்கூடும். சாறாக்கும்போது நல்ல பகுதியோடு கலந்துவிடும். காய்ச்சினாலும் முழுக்க அழியாது. அவர் நிறுத்தினார். மற்றக் கடைகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

மாணவி மாநாட்டுச் சுருக்கத்தை வேறு தலைப்பில் எழுதினார்: முதல் சல்லடையில் வெளிவரும் வீரியமான சாறுகளை மலிவாக வடிகட்டும் முறை. ஏற்கப்பட்டது, ஆனால் வாய்மொழி அளிக்கைக்கு இல்லை, சுவரொட்டிக்கு மட்டும். "எம்.ஆர்.எஸ்.ஏ.ஐக் கொல்லவில்லையா?" என்று சுவரொட்டி முன் நின்ற ஒருவர் கேட்டாராம். "கொல்லுது, எங்களையும் சேர்த்து" என்று சொன்னாராம். இந்தத் திட்டத்தில் நான் கேட்ட சிறந்த வாக்கியம் அது.

பிறகு அலுமாரியில் இருந்த தண்ணீர்ப் போத்தல்களைத் திறந்தோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்தவை பெரும்பாலும் போயிருந்தன. போத்தலில் இருந்தவை பெரும்பாலும் முளைத்தன. எல்லாச் சாறுகளையும் அதே வரிசையில் மறுபடி ஓட்டியபோது அன்று கவனிக்காமல் விட்ட வெங்காயச் சாக்குப் பங்கசு மேலே வந்தது. சிறிய வளையம், ஸ்டஃபிலோகொக்கஸில் மட்டும், எம்.ஆர்.எஸ்.ஏ.இலும் உண்டு, ஈ.கோலியில் இல்லை. சிஸ்டீன் கலந்தாலும் வளையம் மாறவில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ.ஐத் தடுப்பதால் சாதாரண பெனிசிலினாக இருக்க வாய்ப்பில்லை. பற்றீரியாவைத் தடுத்த செறிவுகளில் இறால்கள் நீந்திக்கொண்டிருந்தன.

இதில் அதிகம் மயங்கக் கூடாது. பங்கசு தந்த நல்ல சேர்வை ஒன்று மருந்தாக எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு பிளூரோமுட்டிலின் உதாரணம்: 1951இல் ஒரு காளானினத்திலிருந்து எடுக்கப்பட்டது, கால்நடைகளுக்கு 1970களின் முடிவில் போனது, மனிதத் தோலுக்குக் களிம்பாக 2007இல், நிமோனியாவுக்கு லெஃபாமுலின் என்ற மருந்தாக 2019இல்தான் வந்தது. 2014இல் பேசப்பட்ட ஆஸ்பெர்ஜிலோமரஸ்மைன்-ஏ இன்னொரு வகை. கனடாவில் நோவா ஸ்கோஷியா மண்ணிலிருந்து எடுத்த ஆஸ்பெர்ஜிலஸ் தந்தது அது. தானாகப் பற்றீரியாவைக் கொல்லாது. கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் என்.டி.எம்.-1 போன்ற நொதியங்களுக்குத் தேவையான நாகம் (சிங்க்) என்ற உலோகத்தைப் பறித்து, அந்தக் குடும்பத்தில் செயலற்றுப்போன மெரோபெனத்தை மறுபடி வேலை செய்ய வைக்கிறது. எங்கள் தட்டு முறையில் அப்படிப்பட்ட சேர்வை ஒருபோதும் அகப்பட்டிருக்காது: அதைத் தனியாக வட்டிலில் ஏற்றினால் வளையமே வராது.

இனி மாற்ற வேண்டியவை

முதல் நாளே ஈ.கோலித் தட்டும் சிஸ்டீன் வட்டிலும் சேர்ந்து போக வேண்டும். கூடுதல் செலவு மிகச் சொற்பம். பெரிய வளையத்தை மேலே வைத்துப் பட்டியலிடும் பழக்கத்தைக் கைவிட்டு, தேர்ந்து தாக்கும் சாறுகளை மேலே வைக்க வேண்டும். மெரோபெனத்தைக் குறைந்த அளவில் ஏகாரிலேயே கலந்து, அதற்கு அடங்காத வகை மேல் சாறுகளை வைக்கும் ஒரு தட்டும் சேர்க்கப் பார்க்கிறோம். துணைச் சேர்வைகளைப் பிடிக்க அது ஒரு வழி. அதற்கு உயிர்ப்பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்னும் இறுக்கமாக வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் போகும்.

தட்டுப் படங்களை ஆய்வுகூடத்துக்கு வெளியே அனுப்புவது பற்றி மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே பேசுகிறோம். தடை போடவில்லை. வீட்டில் நோயாளர் இருக்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். வந்தால் பதில் சொல்வது மேற்பார்வையாளரின் வேலை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். அழுகிய பழத்தைக் கையாளும்போது முகக்கவசமும் வித்தி பறக்காத பெட்டியும் கட்டாயம்.

வெங்காயச் சாக்குப் பங்கசு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவருக்குப் போயிருக்கிறது. வைத்தியசாலை ஆய்வுகூடத்திடம் இந்த முறை ஃபுசிடிக் அமிலத்துக்கு அடங்காத வகைகளையும் கேட்டு வாங்கினோம். அந்தச் சாறு அவற்றைத் தடுக்காவிட்டால் நாங்கள் கண்டெடுத்தது பாமசியில் ஏற்கனவே விற்கும் களிம்பின் உறவுக்காரனாக இருக்கலாம். தடுத்தால்தான் கரைப்பானுக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவோம்.